டஸ்கீகி: ஒன்பதாயிரம் பேர் வாழும் ஊருக்கு எப்படி இத்தனை வரலாறு?

அமெரிக்கச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு டஸ்கீகி என்ற பெயர் ஒரு குழப்பம். 2020, 2021-இல் கறுப்பின மக்களில் பலர் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொள்ளத் தயங்கியபோது, 'டஸ்கீகியை அவர்கள் மறக்கவில்லை' என்று பத்திரிகைகள் எழுதின. 2025 ஜனவரியில் அமெரிக்க விமானப்படை தன் பயிற்சி வகுப்பிலிருந்து 'டஸ்கீகி விமானிகள்' பற்றிய காணொளியை நீக்கியது; எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே திரும்பச் சேர்த்தது. அங்கே அதே பெயர் ஒரு பெருமை. தொகுதி எல்லை வழக்குகள் பற்றிப் படித்தால் அங்கும் டஸ்கீகி வந்து நிற்கும். இது நோயா, படைப்பிரிவா, வழக்கா?

ஊர்தான். அலபாமா மாநிலத்தில் இருக்கும் ஒரு சின்ன நகரம். 2020 கணக்கெடுப்பில் சுமார் 9,400 பேர். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கறுப்பினத்தவர். மேலே சொன்ன மூன்றும் ஒரே ஊரில் நடந்ததைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. படித்த கறுப்பினத்தவர் கூட்டமாக வாழ்ந்த ஒரு கல்லூரி வளாகம், அதைச் சுற்றி நிலமற்ற பருத்தித் தொழிலாளர்கள், இருவருக்கும் மேலே சட்டத்தைக் கையில் வைத்திருந்த வெள்ளையர்கள். இந்த மூன்றும் இவ்வளவு நெருக்கமாக ஒட்டியிருந்த இடம் அமெரிக்கத் தெற்கில் அபூர்வம். அந்த அமைப்பு எப்படி வந்தது என்று பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் வரிசையாகப் புரியும்.

## நிலமும் வாரமும்

மாநிலத் தலைநகர் மான்ட்கோமரிக்குக் கிழக்கே சுமார் 60 கிலோமீட்டரில் டஸ்கீகி இருக்கிறது. மேக்கன் கவுண்டியின் தலைமையிடம். கவுண்டி என்பதை மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு என்று வைத்துக்கொள்ளலாம். முன்பு இது கிரீக் எனப்படும் முஸ்கோகி பூர்வகுடிகளின் நிலம். 1830-இல் பூர்வகுடிகளை வெளியேற்றும் சட்டம் வந்தது, 1832-இல் கிரீக் மக்களுடன் ஓர் ஒப்பந்தம், 1833-இல் ஊர் எழுந்தது, 1836-இல் எஞ்சியிருந்த கிரீக் மக்களை ராணுவம் மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே விரட்டியது. அலபாமாவின் குறுக்கே ஓடும் கரிசல் பட்டையை ஒட்டிய நிலம் என்பதால் பருத்தி வந்தது. பருத்தியோடு அடிமைகளும் வந்தார்கள்.

1865-இல் அடிமை முறை முடிந்தது. நிலம் மட்டும் கைமாறவில்லை. விடுதலையானவர்கள் அதே நிலத்தில் வாரத்துக்குப் பயிரிட்டார்கள். வாரச் சாகுபடி நமக்குப் புதிதில்லை. அங்கே அதோடு கடைக்கடனும் சேர்ந்துகொண்டது. விதை, கோவேறு கழுதை, சாப்பாட்டுக்கு மாவு, உப்பிட்ட பன்றிக்கறி எல்லாமே கடனாக வரும். கணக்கேடு நில உரிமையாளரிடமோ கடைக்காரரிடமோ இருக்கும். அறுவடையில் பருத்தியை எடை போட்டுக் கழித்தபின் மிச்சம் என்று பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, பாக்கி அடுத்த ஆண்டுக்கு ஏறும். எழுத்துத் தெரியாதவருக்கு அந்தக் கணக்கைக் கேள்வி கேட்க வழியில்லை. பள்ளிக்கூடத்துக்கு அந்த மக்கள் அவ்வளவு ஏங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

## 1880: ஓட்டுக்குப் பதிலாக ஒரு பள்ளி

அப்போது கறுப்பின ஆண்களிடம் இன்னும் ஓட்டு இருந்தது. 1880 தேர்தலில் மாநில செனட்டுக்கு நின்ற ஃபாஸ்டர் என்ற வெள்ளையர், ஊரில் செல்வாக்குள்ள லூயிஸ் ஆடம்ஸிடம் வந்தார். ஆடம்ஸ் முன்னாள் அடிமை. தகர வேலையும் தோல் வேலையும் தெரிந்த கைத்தொழிலாளி. எங்கள் ஆட்களின் ஓட்டு வேண்டுமென்றால் ஒரு பள்ளி வேண்டும் என்பதே அவர் வைத்த விலை. முன்பு அடிமைகளை வைத்திருந்த ஜார்ஜ் கேம்ப்பெல் என்ற வணிகர் துணை நின்றார். 1881 பிப்ரவரியில் சட்டமன்றம் ஆண்டுக்கு 2,000 டாலர் ஒதுக்கியது.

அந்தப் பணம் ஆசிரியர் சம்பளத்துக்கு மட்டும். நிலம் கிடையாது, கட்டடம் கிடையாது, ஒரு பெஞ்சு வாங்கக்கூடக் காசு கிடையாது. வர்ஜீனியாவிலுள்ள ஹாம்ப்டன் கல்வி நிலையத்திடம் தலைமையாசிரியர் ஒருவரைக் கேட்டார்கள். அவர்கள் அனுப்பிய 25 வயது இளைஞர்தான் புக்கர் டி. வாஷிங்டன், அவரும் அடிமையாகப் பிறந்தவர். 1881 ஜூலை 4 அன்று, ஒரு தேவாலயத்தை ஒட்டிய ஒழுகும் குடிசையில் 30 மாணவர்களோடு பள்ளி தொடங்கியது. பிறகு ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட ஒரு பண்ணையை 500 டாலருக்குப் பேசி, முன்பணத்தை ஹாம்ப்டன் பொருளாளரிடம் கடன் வாங்கிக் கட்டினார்.

கட்டடத்துக்குச் செங்கல் வேண்டும். மாணவர்களே அறுக்கட்டும் என்றார் வாஷிங்டன். முழங்கால் அளவு சேற்றில் மணிக்கணக்கில் நிற்கும் வேலை. படிக்க வந்தவர்களில் சிலர் இதற்காகவே பள்ளியைவிட்டுப் போனார்கள். சுமார் 25,000 கல் அடுக்கி வைத்த முதல் சூளை சரியாக வேகவில்லை. இரண்டாவதும் வீண். மூன்றாவது சூளை எரிந்து முடியும் தறுவாயில், நடுராத்திரியில் சரிந்தது. நான்காவதுக்குக் கையில் காசில்லாமல் வாஷிங்டன் தன் கடிகாரத்தை மான்ட்கோமரிக்கு எடுத்துப்போய் 15 டாலருக்கு அடகு வைத்தார். நான்காவது சூளை தேறியது. கடிகாரம் மீளவேயில்லை.

அதன்பின் ஊர் வெள்ளையர்களே செங்கல் வாங்க வளாகத்துக்கு வந்தார்கள். வாஷிங்டனின் அரசியலை இந்தச் சூளையை வைத்தே விளங்கிக்கொள்ளலாம்: நம்மிடம் அவர்களுக்குத் தேவையான பொருள் இருந்தால் மரியாதை தானாக வரும் என்பது அவர் நம்பிக்கை. அமெரிக்காவின் புகழ்பெற்ற எம்ஐடியில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவரான ராபர்ட் டெய்லர் பின்னாளில் வளாகத்தின் கட்டடங்களை வடிவமைத்தார். கட்டியவர்கள் பெரும்பாலும் மாணவர்கள்.

## விட்டுக்கொடுத்தது என்ன?

1895-இல் அட்லாண்டாவில் பேசிய வாஷிங்டன், சமூக வாழ்வில் விரல்களைப் போல் தனித்தனியாகவும் முன்னேற்றத்தில் கையைப் போல் ஒன்றாகவும் இருப்போம் என்றார். வெள்ளையர்கள் கைதட்டினார்கள். தொழிற்கல்வியும் பொருளாதாரமும் முதலில், ஓட்டும் சமத்துவமும் அப்புறம் என்று அதற்குப் பொருள். 1903-இல் கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் இதை வெளிப்படையாகத் தாக்கினார். ஓட்டை விட்டுக்கொடுத்தவனால் சேர்த்த சொத்தைக் காப்பாற்ற முடியுமா என்பது அவர் கேள்வியின் சாரம்.

கேள்வி நியாயமானது என்று அலபாமாவே காட்டியது. 1901-இல் வந்த மாநில அரசியல் சாசனம் எழுத்தறிவு, சொத்து, ஆண்டாண்டாகச் சேரும் தலைவரி என்று தடைகளை அடுக்கியது. வயதுப்படி ஓட்டுக்குத் தகுதியான கறுப்பின ஆண்கள் சுமார் 1,81,000 பேர் இருந்த மாநிலத்தில், 1903-இல் பதிவில் இருந்தவர்கள் சுமார் 3,000 பேர்தான். எந்த ஓட்டைக் காட்டி ஆடம்ஸ் பள்ளியை வாங்கினாரோ அந்த ஓட்டே இல்லாமல் போனது.

வாஷிங்டனைப் பணிந்துபோனவர் என்று மட்டும் முடித்துவிடுவது அவருக்கு அநீதி. அந்தச் சாசனத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போன வழக்குக்கு அவர் ரகசியமாகப் பணம் கொடுத்தார். இது அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்தே பரவலாகத் தெரிந்தது. வெளியே ஒரு முகம், உள்ளே ஒரு முகம். டஸ்கீகியில் வெகுகாலம் பிழைத்திருக்க அதுதான் வழி.

நமக்கும் இங்கே ஓர் இழை உண்டு. 1903-இல் தென்னாப்பிரிக்காவில் காந்தி தொடங்கிய 'இந்தியன் ஒப்பீனியன்' இதழ், அதே ஆண்டு செப்டம்பரில் வாஷிங்டனைப் புகழ்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டது. தொடக்கத்தில் தமிழ்ப் பக்கங்களோடும் வந்த இதழ் அது.

## கார்வர்: கடலைக்கு அப்பால்

1896-இல் வேளாண்மைத் துறைக்கு வந்து 1943-இல் இறக்கும்வரை டஸ்கீகியிலேயே இருந்தவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். வேர்க்கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் என்று இன்றும் பகிர்கிறார்கள். தவறு, அது அவருடையது இல்லை. அவர் செய்தது அதைவிடப் பெரிய வேலை. ஆண்டுதோறும் பருத்தி போட்டுச் சத்திழந்த மண்ணில், நைட்ரஜனை மண்ணுக்குத் திருப்பித் தரும் வேர்க்கடலையையும் தட்டைப்பயறையும் மாற்றுப் பயிராக வைக்கச் சொன்னார். சர்க்கரைவள்ளிக் கிழங்கும் சேர்த்து, குடும்பத்தின் சாப்பாடு கடைக்காரரின் கணக்கேட்டுக்கு வெளியே வரவேண்டும் என்பது நோக்கம். வார விவசாயிக்கு உரம் வாங்கக் காசில்லை என்பதால் சதுப்புநிலச் சேற்றையும் இலைதழைகளையும் உரமாக்கக் கற்றுக்கொடுத்தார். 1906-இல் ஒரு குதிரைவண்டியைப் பள்ளிக்கூடமாக்கி, கருவிகளோடு கிராமம் கிராமமாக அனுப்பினார்கள். அப்புறம் பருத்திக் காயைத் துளைக்கும் கூன்வண்டு அலபாமாவில் பரவியபோதுதான் பலர் கடலைக்கு மாறினார்கள்.

## ஒரே நிதி, மூன்று விளைவுகள்

சியர்ஸ் நிறுவனத்தின் தலைவர் ஜூலியஸ் ரோசன்வால்ட் 1912-இல் டஸ்கீகியின் அறங்காவலரானார். அவர் பணமும் வாஷிங்டனின் திட்டமும் சேர்ந்து செய்தவை நேர்க்கோட்டில் போகவில்லை.

1. பள்ளிகள். கிராமத்து மக்கள் ஒரு பங்கு பணமோ உழைப்போ தரவேண்டும், அரசு ஒரு பங்கு, ரோசன்வால்ட் ஒரு பங்கு. டஸ்கீகியைச் சுற்றி ஆறு பள்ளிகளில் தொடங்கி, 1932-க்குள் தெற்கு முழுவதும் கறுப்பினக் குழந்தைகளுக்காக ஏறத்தாழ 5,000 பள்ளிக் கட்டடங்கள் எழுந்தன.

2. சிஃபிலிஸ் பரிசோதனை. 1929 முதல் 1931 வரை அந்த நிதி, தெற்கின் ஆறு கவுண்டிகளில் சிஃபிலிஸ் என்ற மேகநோயைக் கண்டறிந்து சிகிச்சை தரப் பணம் கொடுத்தது. அவற்றில் ஒன்று மேக்கன். நோய் அதிகமாகத் தென்பட்டதும் அங்கேதான். பொருளாதார மந்தத்தில் பங்குகள் சரிந்ததும் நிதி கையை விரித்தது.

3. விமானத் தளம். 1941-இல் டஸ்கீகியில் மோட்டன் களம் என்ற பயிற்சித் தளம் கட்டக் கடன் கொடுத்ததும் இதே நிதி.

இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் ஒரே ஊர் ஏன் என்ற கேள்விக்குப் பாதி விடை இங்கேயே கிடைத்துவிடுகிறது. மீதிப் பாதி மருத்துவமனைகள். வளாகத்துக்குள் கறுப்பின மருத்துவர்களும் செவிலியர்களும் வேலை செய்த மருத்துவமனை இருந்தது. முதல் உலகப் போரில் சண்டையிட்ட கறுப்பின வீரர்களுக்காக 1923-இல் ஊரில் மத்திய அரசு மருத்துவமனை ஒன்றும் திறக்கப்பட்டது. அதைக் கறுப்பின மருத்துவர்கள் நடத்துவதா என்று வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளான் ஊர்வலமே நடத்தியது. வாஷிங்டனுக்குப் பின் தலைமைக்கு வந்த ராபர்ட் மோட்டன் அசையவில்லை. 1924-இல் ஜோசப் வார்டு என்ற கறுப்பின மருத்துவர் பொறுப்பேற்றார்.

## 1932 முதல் 1972 வரை: பார்த்துக்கொண்டே இருந்த ஆய்வு

சிகிச்சைக்குப் பணம் நின்றபோது அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கு ஒரு யோசனை தோன்றியது. சிகிச்சை தரப் பணமில்லை, நோயாளிகளோ நிறைய. அப்படியானால் சிகிச்சை தராமல் விட்டால் நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக் குறிக்கலாமே. ஆறு மாதம், மிஞ்சினால் ஒன்பது மாதம் என்று தொடங்கியது நாற்பது ஆண்டு ஓடியது.

மொத்தம் சுமார் 600 ஆண்கள். 399 பேருக்கு நோய் இருந்தது. 201 பேர் ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துக்கொண்ட நோயற்றவர்கள். பெரும்பாலும் வார விவசாயிகள். 'கெட்ட ரத்தம்' இருக்கிறது, வைத்தியம் பார்க்கிறோம் என்றே அவர்களிடம் சொன்னார்கள். ஊர்ப் பேச்சில் சோகை முதல் அசதி வரை எல்லாமே 'கெட்ட ரத்தம்'தான். இலவசப் பரிசோதனை, அன்றைக்கு ஒரு வேளை சூடான சாப்பாடு, போக வரக் கார், இறந்தால் அடக்கச் செலவுக்குப் பணம். கடைசிச் சலுகையில் ஒரு நிபந்தனை இருந்தது: உடலைக் கூறுபோட்டுப் பார்க்கக் குடும்பம் சம்மதிக்க வேண்டும். முதுகுத்தண்டில் ஊசி செருகி நீர் எடுக்கும் பரிசோதனைக்கு அழைத்தபோது, 'சிறப்பு இலவசச் சிகிச்சை பெறக் கடைசி வாய்ப்பு' என்று கடிதம் போனது. எடுத்தது பரிசோதனைக்கான நீர் மட்டுமே. சிகிச்சை ஒன்றும் தரவில்லை.

1947 வாக்கில் பெனிசிலின் இந்த நோய்க்கு நிலையான மருந்தாகிவிட்டது. அப்போதும் தரவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத்துக்கு அழைக்கப்பட்டவர்களுக்குச் சிகிச்சை கட்டாயம் என்றிருந்ததால், ஆய்வில் இருந்தவர்களின் பெயர்ப் பட்டியலை உள்ளூர் ஆள்சேர்ப்பு வாரியத்திடம் கொடுத்து விலக்கு வாங்கினார்கள்.

இதைப் பற்றிப் பரவியிருக்கும் தவறுகளைத் தனியே சொல்லிவிடலாம்.

1. அவர்களுக்கு யாரும் நோயை ஊசிமூலம் ஏற்றவில்லை. ஏற்கெனவே நோய் இருந்தவர்களுக்கு மருந்தை மறுத்தார்கள். வேண்டுமென்றே தொற்ற வைத்த ஆய்வு 1946 முதல் 1948 வரை குவாத்தமாலாவில் நடந்தது. அதுவும் இதே துறையின் வேலைதான். இரண்டும் சேர்த்துக் குழப்பப்படுகின்றன.

2. பாதிக்கப்பட்டவர்கள் டஸ்கீகி விமானிகள் அல்லர். இணையத்தில் அடிக்கடி கலந்துவிடும் இரு கதைகள் இவை.

3. இது ரகசிய ஆய்வும் அல்ல. 1936 முதலே மருத்துவ இதழ்களில் அறிக்கைகள் வந்தன. படித்த மருத்துவர்கள் பலர் சும்மா இருந்தார்கள் என்பதுதான் விஷயம்.

4. முழுக்க வெளியாட்கள் செய்தது என்றும் சொல்ல முடியாது. டஸ்கீகி மருத்துவமனை இடம் கொடுத்தது. யூனிஸ் ரிவர்ஸ் என்ற கறுப்பினச் செவிலியர் ஆரம்பம் முதல் கடைசிவரை அந்த ஆண்களைத் தேடிப்போய் அழைத்துவந்தார். அவர்கள் வந்தது அவர்மேல் வைத்த நம்பிக்கையால்தான். வாஷிங்டன் கட்டிய நிறுவனத்தின் நற்பெயர் இங்கே தூண்டிலில் மாட்டிய புழுவானது.

சுகாதாரத் துறையில் வேலை பார்த்த பீட்டர் பக்ஸ்டன் 1966 முதல் உள்ளுக்குள் எதிர்ப்புத் தெரிவித்தார். பலிக்காமல் போகவே விவரம் பத்திரிகைக்குப் போனது. 1972 ஜூலையில் அசோசியேட்டட் பிரஸ் நிருபர் ஜீன் ஹெல்லரின் செய்தி வெளியானபோது, நோய் இருந்தவர்களில் 74 பேரே உயிரோடு இருந்தார்கள். ஃபிரெட் கிரே என்ற வழக்கறிஞர் வழக்குப் போட்டார். 1974-இல் 1 கோடி டாலருக்குச் சமரசம். உயிரோடிருந்த நோயாளிக்குக் கிடைத்தது 37,500 டாலர். இறந்துபோயிருந்தால் வாரிசுகளுக்கு 15,000. அதே ஆண்டு வந்த தேசிய ஆராய்ச்சிச் சட்டத்தின் பின், மத்திய அரசுப் பணத்தில் மனிதர்கள்மீது நடக்கும் ஆய்வுகளுக்கு நெறிமுறைக் குழு ஒப்புதலும் பங்கேற்பவரின் விவரமறிந்த சம்மதமும் கட்டாயமாயின. 1997 மே 16 அன்று அதிபர் கிளின்டன் வெள்ளை மாளிகையில் மன்னிப்புக் கேட்டார். ஆய்வை நடத்தியது நாட்டின் தலைநகர் வாஷிங்டனிலிருந்த ஒரு மத்தியத் துறை. கெட்ட பெயர் ஒட்டிக்கொண்டதோ ஊரின்மேல்.

இந்த நாற்பது ஆண்டுகளின் நடுவே, 1953 முதல் 1955 வரை, அதே கல்லூரியின் ஆய்வகம் போலியோ தடுப்பூசியைச் சோதிக்கத் தேவையான ஹீலா செல்களைப் பெருமளவில் வளர்த்து நாடு முழுவதும் அனுப்பியது. ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் உடலிலிருந்து அவர் அறியாமல் எடுத்த செல்கள் அவை. வேலை செய்தவர்கள் கறுப்பின விஞ்ஞானிகளும் தொழில்நுட்பப் பணியாளர்களும். தடுப்பூசித் தயக்கம் பற்றிப் பேசும்போது டஸ்கீகியின் இந்தப் பக்கத்தை யாரும் எடுப்பதில்லை.

## விமானிகள்

போர் நெருங்கியபோது கறுப்பினத்தவரையும் விமானிகளாக்கச் சொல்லி அழுத்தம் வந்தது. ராணுவம் ஒப்புக்கொண்டது, ஆனால் தனியாக. இனவாரியாகப் பிரித்துப் பயிற்சி தரவேண்டுமென்றால் படித்த மாணவர்கள், தங்குமிடம், ஏற்கெனவே பறக்கப் பயிற்சி தந்த அனுபவம் எல்லாம் உள்ள கறுப்பினக் கல்லூரி ஒன்று தேவை. டஸ்கீகியில் 1939 முதலே சிவில் விமானிப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. 1941 மார்ச்சில் அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் அங்கே வந்து, ஆல்ஃபிரட் ஆண்டர்சன் ஓட்டிய விமானத்தில் ஏறிப் பறந்தார். எலினார் ரோசன்வால்ட் நிதியின் அறங்காவலர். தளத்துக்குக் கடன் வந்தது.

1942 மார்ச்சில் ஐந்து பேர் கொண்ட முதல் அணி தேறியது. போர் முடிவதற்குள் ஏறத்தாழ ஆயிரம் விமானிகள். தாங்கள் துணைக்குப் போன குண்டுவீச்சு விமானம் ஒன்றைக்கூட அவர்கள் இழக்கவில்லை என்ற பேச்சு நீண்டகாலம் ஓடியது. பிற்கால ஆய்வு அதை மறுத்தது. 25-க்கும் மேற்பட்டவை இழக்கப்பட்டன. மற்றப் பிரிவுகளின் சராசரியைவிட இது குறைவுதான், எனவே பெருமைக்குப் பழுதில்லை. 1948 ஜூலையில் அதிபர் ட்ரூமன் படைகளில் இனப் பிரிவினையை முடிக்க ஆணையிட்டார்.

## 28 பக்கங்கள் கொண்ட ஊர்

திரும்பி வந்தவர்கள் ஓட்டுக் கேட்டார்கள். டஸ்கீகியில் அதைக் கேட்கும் தெம்பும் இருந்தது. பேராசிரியர்களுக்குச் சம்பளம் கல்லூரியிலிருந்து, மருத்துவமனை ஊழியர்களுக்கு மத்திய அரசிலிருந்து. உள்ளூர் வெள்ளையர் யாரும் அவர்களை வேலையைவிட்டு நீக்க முடியாது. சமூகவியல் பேராசிரியர் சார்லஸ் கோமிலியன் தலைமையில் டஸ்கீகி குடிமைச் சங்கம் வாக்காளர் பதிவை இடைவிடாமல் நடத்தியது. பதிவு அலுவலர்கள் அலுவலகத்தைத் திறக்காமல் இழுத்தடிப்பார்கள். முனைவர் பட்டம் பெற்றவர்கூட எழுத்தறிவுத் தேர்வில் தோற்கடிக்கப்படுவார். அப்படியும் 1957-இல் நகர எல்லைக்குள் சுமார் 400 கறுப்பின வாக்காளர்கள் இருந்தார்கள். வெள்ளையர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். பெரும்பான்மை கைநழுவ அதிக நாளாகாது.

மேக்கன் கவுண்டியின் நிலக்கிழாரும் மாநில செனட்டருமான சாம் ஏங்கல்ஹார்ட் ஒரு மசோதா கொண்டுவந்தார். சதுரமாக இருந்த நகர எல்லை 28 பக்கங்கள் கொண்ட கோணல் வடிவமானது. கல்லூரி வளாகம் வெளியே. 400 பேரில் நான்கைந்து பேர் தவிர மற்ற எல்லாக் கறுப்பின வாக்காளர்களும் வெளியே. ஒரு வெள்ளை வாக்காளர்கூட வெளியே போகவில்லை.

தொகுதி எல்லையை வளைத்து எதிராளியின் ஓட்டைச் செல்லாக்காசாக்கும் வேலைக்கு ஜெர்ரிமாண்டரிங் என்று பெயர். வழக்கமாக அதில் வாக்காளர் ஏதேனும் ஒரு தொகுதியில் இருப்பார், ஓட்டின் பலம்தான் குறையும். டஸ்கீகியில் ஆளையே ஊரைவிட்டு வெளியே தள்ளினார்கள். நகரமன்றத் தேர்தலில் ஓட்டும் போனது, நகரச் சேவைகளும் போயின.

பதிலடி இரண்டு வழியில் வந்தது.

1. கடைப் புறக்கணிப்பு. 1957 ஜூன் முதல் கறுப்பினத்தவர் ஊர்க் கடைகளில் வாங்குவதை நிறுத்தினார்கள். வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் அவர்களே என்பதால் பல கடைகள் மூடப்பட்டன. வாங்குபவன் இல்லாமல் கடைக்காரன் இல்லை என்பதை வாஷிங்டன் எதிர்பார்க்காத வகையில் அவர் ஊர் நிரூபித்தது.

2. வழக்கு. கோமிலியன் எதிர் லைட்ஃபுட். மான்ட்கோமரி பேருந்துகளில் இருந்த இனப் பிரிவினைக்கு எதிரான வழக்குகளில் வாதாடிய அதே ஃபிரெட் கிரே இங்கேயும் வழக்கறிஞர். தொகுதி எல்லை அரசியல் விவகாரம், நீதிமன்றம் தலையிடாது என்று 1946-இல் எழுதிய நீதிபதி ஃபிராங்ஃபர்ட்டரே 1960 நவம்பர் 14 அன்று இந்தத் தீர்ப்பையும் எழுதினார். இது எல்லைத் திருத்தம் என்ற போர்வையில் இனத்தைக் காட்டி ஓட்டுரிமையைப் பறிப்பது. 1870-இன் 15-ஆம் அரசியல் சாசனத் திருத்தத்துக்கு எதிரானது. தீர்ப்பு ஒருமனதானது. 1961-இல் பழைய எல்லை திரும்பியது, 1962-இல் இன்னொரு வழக்கில் தொகுதிப் பங்கீடு முழுவதற்குமே நீதிமன்றக் கதவு திறந்தது.

## சதுக்கத்துச் சிலை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊர் நடுவில் கூட்டமைப்புப் படைவீரன் சிலை ஒன்றை வைத்தார்கள். உள்நாட்டுப் போரில் அடிமை முறைக்காகப் போரிட்ட தென்மாநிலங்களின் நினைவாக வைத்தது. வெள்ளையர்களுக்கான பூங்கா என்று சொல்லியே கவுண்டி அந்த இடத்தை ஒரு பெண்கள் அமைப்புக்குக் கொடுத்தது. 1966 ஜனவரி 3 அன்று, சாமி யங் என்ற 21 வயது மாணவர், வெள்ளையர் கழிப்பறையைப் பயன்படுத்தப் போனதையொட்டி ஒரு பெட்ரோல் நிலையத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். கடற்படையில் இருந்துவிட்டுக் கல்லூரிக்கு வந்தவர், வாக்காளர் பதிவில் ஈடுபட்டவர். ஆண்டு இறுதியில் வெள்ளையர் மட்டுமே கொண்ட நடுவர் குழு, சுட்டவரை விடுவித்தது. அன்று மாணவர்கள் சிலைமேல் சாயம் பூசினார்கள். அதே 1966-இல் கறுப்பினத்தவரான லூசியஸ் ஆமர்சன் மேக்கன் கவுண்டியின் காவல் தலைவராக, அதாவது ஷெரிஃபாகத் தேர்வானார். 1972-இல் ஜானி ஃபோர்டு முதல் கறுப்பின மேயரானார். 2021-இல், நகரமன்ற உறுப்பினராக இருந்த அதே ஃபோர்டு, சிலையின் காலை ரம்பத்தால் அறுக்க முயன்றார். கறுப்பினத்தவரே ஆளும் ஊரில் அது ஏன் அத்தனை காலம் நின்றது என்றால், நிலம் நகரத்தின் கையில் இல்லை என்பது ஒன்று, பழைய நினைவுச் சின்னங்களை அகற்றத் தடைபோடும் 2017 மாநிலச் சட்டம் இன்னொன்று.

## யார் யார் ஊர்க்காரர்?

பிரபலங்கள் பட்டியல்களில் டஸ்கீகிக்காரர் என்று வருபவர்களைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. மான்ட்கோமரி பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்த ரோசா பார்க்ஸ் 1913-இல் இங்கே பிறந்தார், சிறு குழந்தையாகவே வேறிடம் போய்விட்டார். அவர் கதை மான்ட்கோமரியின் கதை. பாடகர் லயனல் ரிச்சி உண்மையிலேயே வளாகத்தில் வளர்ந்தவர். கொமடோர்ஸ் இசைக்குழு 1968-இல் இங்கே மாணவர்களிடையே உருவானது. எழுத்தாளர் ரால்ஃப் எலிசன் 1933-இல் இசை படிக்க வந்து, பட்டம் பெறாமலே நியூயார்க் போனார். 1948 ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற, ஒலிம்பிக் தங்கம் பெற்ற முதல் கறுப்பினப் பெண்ணான ஆலிஸ் கோச்மன் இங்கே பயின்றவர். வாஷிங்டனும் கார்வரும் கோமிலியனும் வேலைக்கு வந்து தங்கியவர்கள். பிறந்தவர்களைவிட வந்தவர்களே இந்த ஊருக்கு அதிகம். காரணம் அந்த வளாகம்.

## கோமிலியனுக்கும் மில்லிகனுக்கும் இடையே

இப்போதைய தொகுதி வழக்குகளில் டஸ்கீகி ஏன் மேற்கோளாகிறது என்பதற்கு ஒரு சட்ட நுணுக்கம் தெரிய வேண்டும். 15-ஆம் திருத்தத்தின்கீழ் போகும்போது எல்லை வரைந்தவரின் நோக்கம் இனப்பாகுபாடே என்று காட்ட வேண்டும். டஸ்கீகியில் வரைபடமே சாட்சி என்பதால் அது எளிது. அவ்வளவு அப்பட்டமாக யாரும் வரையாதபோது நோக்கத்தை நிரூபிப்பது கடினம். அதனால்தான் 1965-இன் வாக்குரிமைச் சட்டத்தை 1982-இல் திருத்தி, விளைவு பாகுபாடாக இருந்தாலே போதும் என்றார்கள்.

2023 ஜூனில் ஆலன் எதிர் மில்லிகன் வழக்கு இந்தச் சட்டத்தின்கீழ்தான் முடிவானது. அலபாமாவில் கறுப்பினத்தவர் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம்; ஏழு தொகுதிகளில் ஒன்றில் மட்டுமே அவர்களால் தங்கள் வேட்பாளரை வெல்லவைக்க முடிந்தது. 5-க்கு 4 என்ற தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அந்த வரைபடம் செல்லாது என்ற முடிவை உறுதிசெய்தது. சட்டமன்றம் மறுபடி வரைந்ததும் தேறவில்லை. நீதிமன்றம் தன் வல்லுநரைக் கொண்டு வரையச் செய்தது. மான்ட்கோமரியிலிருந்து மொபீல் வரை நீண்ட அந்தப் புதிய இரண்டாம் தொகுதிக்குள் மேக்கன் கவுண்டியும் வந்தது. 2024 நவம்பரில் அங்கே ஷொமாரி ஃபிகர்ஸ் வென்றார்.